புவனகிரி பக்கிரியின் அண்டா

ஆண்ட்ரூவின் கதைகளில் யாரும் சாவதில்லை. ஆடு காணாமல் போகும், கோயில் கூழ்ப்பானை காணாமல் போகும், ஒருமுறை பஞ்சாயத்துத் தலைவரின் பல்செட்டே காணாமல் போயிற்று. கண்டுபிடிப்பவர் ரிட்டயர்டு கண்டக்டர் கலியபெருமாள். கடலூர் சிதம்பரம் தடத்தில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்தவர் என்பதால், ஆளை ஊர்ப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். "ஏம்ப்பா ஆலப்பாக்கம், நேத்து சாயங்காலம் எங்க இருந்த?" என்பார். ஆலப்பாக்கம் உளறிவிடும். கடைசி அத்தியாயத்தில் திருடியவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, எல்லோருக்கும் டீ வரும்.

மாதம் ஒரு கதை. சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு சந்தில் ராஜவேல் நடத்தும் சின்னப் பதிப்பகம் அதை அச்சடித்து பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கவிடும். ஆண்ட்ரூவுக்குச் சோறு போட்டது கதையல்ல, மஞ்சக்குப்பத்தில் இருந்த ஃபிளெக்ஸ் கடை. அங்கே அவன் டிசைனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் வரும். ஆனாலும் நாள் தவறாமல் வருவது கண்ணீர் அஞ்சலிதான்.

அவன் கதைகளுக்குப் பெயர் கிடைத்ததும் அங்கேதான். எழுத ஆரம்பித்த புதிதில், திருப்பாதிரிப்புலியூரில் உயிரோடு இருந்த ஒரு பால்காரரின் பெயரை ஆடு திருடனுக்கு வைத்துவிட்டு அடி வாங்கப் பார்த்தான். அதற்குப் பிறகு செத்தவர்கள் பெயர் மட்டும்தான். செத்தவர் சட்டையைப் பிடிக்க மாட்டார். கல்லறைத் திருநாளில் தன் அப்பா கல்லறையில் மெழுகுவத்தி கொளுத்தும்போது, பெயர் கொடுத்தவர்களுக்கென்று இன்னொன்றும் கொளுத்தி வைப்பான்.

"ஒத்த மெழுகுவத்தியில இத்தன பேர ஏமாத்துற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்பாள் மனைவி ஆரோக்கிய ராணி.

அந்தப் பெண் கடைக்கு வந்தபோது மழைக்கால வெயில். ஹேண்ட்பேக்கிலிருந்து மடங்கிப்போன ஒரு புத்தகத்தை எடுத்தாள்.

"நீங்கதான் கண்டக்டர் கத எழுதுறவரா?"

வாசகர் யாரும் அவனைத் தேடி வந்ததில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "உக்காரும்மா. எந்தக் கத புடிச்சிது?"

"அண்டா கத."

"எல்லாருக்கும் அதான் புடிக்கிது!"

"புவனகிரியிலயும் அப்படித்தான் சார். நான் பக்கிரி பொண்ணு. சிந்துஜா."

ஆண்ட்ரூ மவுசைத் தள்ளி வைத்தான்.

"அப்பாவுக்கு ஃபிளெக்ஸ் இங்கதான் அடிச்சோம்" என்றாள். "'சமையல் மாஸ்டர் புவனகிரி பக்கிரி'ன்னு நீங்கதான் எழுத்து பெருசா போட்டுக் குடுத்தீங்க. கதையிலயும் அதே மாதிரி போட்டிருக்கீங்க."

உண்மைதான். வெறும் பக்கிரி என்றால் ஒரு பெயர். சமையல் மாஸ்டர் பக்கிரி என்றால் ஆளே கண்முன் வந்து நிற்கிறார். ஊரை மாற்றியிருக்கலாம். ஆனால் 'யோவ் புவனகிரி' என்று கண்டக்டர் கூப்பிட்டதும் அந்த இடம் சிரிப்பாக விழுந்துவிட்டது. அந்தச் சிரிப்பை விட அவனுக்கு மனம் வரவில்லை.

"கதையில அப்பா கல்யாண வீட்டு அண்டாவ வாழத்தோப்புல பொதச்சிட்டு, மேல உக்காந்து பீடி குடிக்கிறாரு. எங்கப்பாவுக்கு பீடி பழக்கமே கெடையாது சார்."

"கற்பனைதாம்மா அது. யாரையும் குறிப்பன அல்லன்னு மொத பக்கத்துலயே போட்டிருக்கு."

"அத யாரு சார் படிக்கிறா?"

அவளே தொடர்ந்தாள். "தம்பி அருள்மொழிதான் இப்ப அப்பா தொழில செய்றான். போற எடத்துலல்லாம், 'மாஸ்டரு, போறப்ப அண்டாவ எண்ணிக் குடுத்துட்டுப் போ'ன்னு சிரிக்கிறாங்க. மொதல்ல அவனும் சேந்து சிரிச்சான். போன முகூர்த்தத்துல பொண்ணு வீட்டுக்காரரு நெஜமாவே எண்ணியிருக்காரு. அதே வீட்டுல மூத்த பொண்ணு வளைகாப்புக்கு வேற மாஸ்டர வச்சிக்கிட்டாங்க."

"நான் என்னா செய்யணும் சொல்லு."

"பக்கிரி எடுக்கலன்னு கண்டக்டர் சொல்லணும் சார். அடுத்த கதையில, அவரு வாயால. நீங்க சொன்னா எவனும் நம்பமாட்டான். அவரு சொன்னா நம்புவாங்க."

அந்தக் கதையைப் போல வேறெதுவும் அவனைப் பாடாய்ப் படுத்தியதில்லை. கலியபெருமாள் இதுவரை தப்பே செய்ததில்லை. அவரைத் தப்புச் செய்தவராக எழுதப்போனால் வாக்கியத்துக்கு வாக்கியம் மல்லுக்கு நின்றார். கொலைக்கதை எழுதுகிறவனை ஆண்ட்ரூ அதுவரை இளக்காரமாகத்தான் நினைத்திருந்தான். ரத்தம் தெளிக்கிற பயல் என்பான். இப்போது யோசித்தால், அந்தப் பயல் கொலைகாரனை எங்கோ மாடமாளிகையில் வைக்கிறான். யாருக்கும் வலிக்காது. சிரிப்புக் கதைக்கு அது போதாது. பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஒருவன் வேண்டும், அவன் கையும் களவுமாக அகப்பட வேண்டும். யாரையும் நோகடிக்காத எழுத்து என்று மார்தட்டிக்கொண்டிருந்ததெல்லாம் என்ன எழுத்து?

கடைசியில் எழுதி முடித்தான். அண்டாவைத் தூக்கியது பந்தல்காரன். கண்டக்டர் புவனகிரிக்குப் போய், பக்கிரி வீட்டு வாசலில் நின்று, ஊர் கேட்க மன்னிப்புக் கேட்கிறார். டீ வருகிறது. கண்டக்டர் குடிக்கவில்லை.

ராணி படித்துவிட்டுத் தாள்களைச் சீராக அடுக்கினாள். "நீங்க எழுதுனதுலயே இதான் ஒழுங்கான கத. அந்தாளு போடமாட்டாரு, பாருங்க."

சிதம்பரத்தில் ராஜவேல் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னாய்யா ஆண்ட்ரூ, கண்டக்டர அழ வுட்டுட்ட?"

"தப்பு நடந்திருக்குண்ணே."

"அவருக்குத் தப்பு நடந்தா சீரீஸே தப்பு. இதுவர மாட்டுன திருடனெல்லாம் நானும் எடுக்கலன்னு கெளம்பி வருவான். ஆலப்பாக்கத்துக்காரன் ஆட்டோடவே வருவான்!"

ஆண்ட்ரூ சிரிக்கவில்லை. "இத போடலன்னா இதோட வுட்டுடுறேன். இனிமே எழுதமாட்டேன்."

ராஜவேல் மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "கோச்சிக்காதய்யா. போட்டுட்டாப் போச்சு."

திரும்பும் பஸ்ஸில் ஆண்ட்ரூவுக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸிலிருந்தே சிந்துஜாவுக்குப் போன் போட்டான்.

"அடுத்த மாசம் வந்துடும்மா."

"அம்மாகிட்ட சொல்லட்டுமா சார்?"

"தாராளமா சொல்லு."

கடலூர் பஸ் ஸ்டாண்டில் புத்தகம் தொங்கியது. அட்டையில் கவிழ்ந்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஒரு தொந்திக்காரன் எட்டிப்பார்க்கிறான். தலைப்பு 'மறுபடியும் பக்கிரி'. ஆண்ட்ரூ நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் புரட்டினான். பந்தல்காரன் அகப்படுகிறான். கண்டக்டர் புவனகிரிக்குப் போகிறார். மன்னிப்புக் கேட்டுப் பக்கிரியைக் கட்டிப்பிடிக்கிறார். கட்டிப்பிடித்த கண்டக்டரின் கண் பக்கிரியின் தோளுக்கு மேலே போகிறது. கொல்லையில் வைக்கோலுக்கு அடியில் இன்னொரு அண்டா, வேறு கல்யாண வீட்டுப் பெயர் பொறித்தது. ஊரே சிரிக்கிறது. டீ வருகிறது. கண்டக்டர் குடிக்கிறார்.

"கடைசி ரெண்டு பக்கத்ததான் லேசா தொட்டேன் மச்சான்" என்றார் ராஜவேல் போனில். 'மச்சான்' அன்றுதான் புதிதாக வந்தது. "சிரிப்பு இல்லாம எப்படிய்யா முடிக்கிறது? கடக்காரன்லாம் இன்னும் அனுப்பு இன்னும் அனுப்புன்றான். அடிச்சி வுட்டிருக்க!"

ஆண்ட்ரூ சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதோடு விட்டுவிட்டான். அடுத்த மாதமும் கலியபெருமாள் வந்தார். யாரோ எழுதியிருந்தார்கள், அட்டையில் ஆண்ட்ரூ பெயரே இருந்தது. வாங்கிப் படித்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

சிந்துஜாவுக்குப் போன் செய்யப் பலமுறை கையில் எடுத்தான். செய்யவில்லை. ஒருநாள் அவளே வந்து நின்றாள்.

"அப்பாவுக்கு வருஷம் வருது. ரெண்டாமாண்டு நினைவஞ்சலி ஃபிளெக்ஸ் போடணும்."

வேறு கடை கிடைக்கவில்லையா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள். "போட்டோ உங்க கம்ப்யூட்டர்லதான இருக்கு."

பழைய ஃபைலைத் திறந்தான். "அம்மா அந்தப் புத்தகத்த..."

"நீங்க சொன்னீங்கன்னு அம்மாதான் ஆள வுட்டு வாங்கியாரச் சொன்னாங்க. பக்கத்து வீட்டுக்காரங்கள கூட்டியாந்து தம்பிய சத்தமா படிக்கச் சொன்னாங்க. அவன் பாதியில நிறுத்திட்டான்."

திரையில் பக்கிரி வந்தார். அடுப்புப் புகை நடுவே, தலையில் துண்டும் கையில் நீளக் கரண்டியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் இடுப்பளவுக்கு அண்டா.

"பேரு பழசு மாதிரியே போடட்டுமாம்மா? சமையல் மாஸ்டர்னு?"

"வேணாம் சார். வெறும் பக்கிரி."

"ஊரு?"

"அதுவும் வேணாம். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்." அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து விரலால் காட்டினாள். "இந்த அண்டா தெரியாம வெட்டிடுங்க."

ஆண்ட்ரூ கோட்டை இழுத்தான். அண்டா அவரை ஒட்டியே இருந்தது. அதை விட்டு வெட்டினால் வலது தோளோடு போய்விடும். கொஞ்சம் உள்ளே தள்ளினான், கொஞ்சம் வெளியே எடுத்தான். விளிம்பு எப்படியும் எட்டிப்பார்த்தது.

"கையும் சேந்து போவுதேம்மா."

"போவட்டும் சார்."