ஆறுமுகத்தோட திருத்தங்கள் கப்பல்ல வந்த காலம்

தகரக் கூரைல மழை கொட்டுற சத்தம்... எங்க தீவுல, கராச்சர்மாங்கற ஊர்ல நாங்க வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டர்ல, மழை வந்தா கத்தித்தான் பேசணும். அன்னைக்கு மழை இல்லேன்னாலும் நானும் பிமலும் கத்தியிருப்போம். அப்படி ஒரு சண்டை!

சுனாமி முடிஞ்சு அஞ்சாறு வருஷம் இருக்கும். பிமல் புரோத்ராபூர்க்காரன், பெங்காலி. என்கூட சென்டர்ல கிளாஸ் எடுத்தான். ஆறுமுகம் எங்க காலேஜ் தோஸ்த். படிப்பு முடிஞ்சதும் சொந்த ஊரான கேம்பல் பேக்கே திரும்பிப் போயிட்டான். அது தெக்குக் கோடில வேற தீவு, கப்பல்லதான் போகணும். அவங்கப்பா மிலிட்டரிலேர்ந்து வந்து அங்க செட்டில் ஆனவர்.

மூணு பேரும் சேர்ந்து ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதினோம். கப்பல் வந்து நிக்கற எந்த ஜெட்டில கடல் எப்போ ஏறும், எப்போ இறங்கும்னு சொல்லும். பேரு "ஓதம்". யார் வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம்... ஓப்பன் சோர்ஸ்.

ஆறுமுகம் இல்லேன்னா அது இல்ல. சுனாமில அந்தப் பக்கம் நிலமே கீழ இறங்கிடுச்சு, பழைய கணக்கு எதுவும் ஒத்து வரல. அவன்தான் தினமும் ஜெட்டில நின்னு தண்ணியைப் பார்த்து ப்ரோக்ராமைத் திருத்துவான்.

அதையெல்லாம் வைக்க ஒரு வெப்சைட்டை நான்தான் செலக்ட் பண்ணேன். அப்போ ரொம்ப ஃபேமஸ். எத்தனை பேர் டவுன்லோட் பண்ணாங்கன்னு முதல் பக்கத்துலயே காட்டும். எனக்கு அது போதும்!

ஆனா ஒரு வரி மாத்திப் பதியணும்னாலும் நெட் வேணும். கேம்பல் பேல சாட்டிலைட் நெட்... முக்கால்வாசி போய் அறுந்துடும். மறுபடி முதல்லேர்ந்து.

ஒருநாள் போன் பண்ணான்.

"கலா, என்னை விட்ரு. மூணு வாரமா ஒரு திருத்தம்கூட ஏறல. நீங்க ரெண்டு பேருமே பார்த்துக்கோங்க."

"நெட் சரியாயிடும்டா, கொஞ்சம் பொறு."

"உனக்கு அங்க சரியாயிடும்."

வச்சுட்டான்.

அதுக்குத்தான் அந்த மழை நாள் சண்டை. 'கிட்'னு ஒரு புது சாஃப்ட்வேருக்கு மாறிடலாம்னான் பிமல். அதுல ஒவ்வொருத்தர் கம்ப்யூட்டர்லயும் முழு ப்ராஜெக்டும் இருக்கும். நெட் இல்லாமலே திருத்தத்தைப் பதிஞ்சு வச்சு, அப்புறம் பென் டிரைவ்ல அனுப்பினாலும் சேர்த்துக்கலாம்.

புதுசா கத்துக்கணுமேன்னு சாக்கு சொன்னேன். நெஜம் என்னன்னா... அந்த டவுன்லோட் நம்பரை விட மனசு வரல.

"அரே கலா, ஆறுமுகம் இல்லாம நம்ம கேம்பல் பே கடல் நேர டேபிள் பூரா ஜூட். பொய்யை எத்தனை பேர் டவுன்லோட் பண்ணா என்ன?"



மாறினோம். கிட்டுக்குன்னே அப்போதான் வந்திருந்த ஒரு சின்ன சைட். கிட் சாஃப்ட்வேரை சிடில போட்டு, எப்படின்னு நாலு பக்கம் கைல எழுதி, ஆறுமுகத்துக்கு கப்பல்ல அனுப்பினோம்.

ஒரு மாசம் கழிச்சு, கேம்பல் பேலேர்ந்து கப்பல்ல லீவுல வந்த ஒரு நர்ஸ் அக்கா சோப்பு டப்பா ஒண்ணு கொண்டு வந்து கொடுத்தாங்க. உள்ள பென் டிரைவ். போட்டுப் பார்த்தா... நாப்பத்திரண்டு திருத்தம்! ஒவ்வொண்ணுலயும் அவன் பேரு, தேதி, கீழ ஒரு வரி குறிப்பு.

"இன்னைக்கு நம்ம கணக்கு பத்து நிமிஷம் தப்பு."

"மழை. அளவு சந்தேகம்."

"தண்ணி எங்க பழைய வீட்டுப் படி வரைக்கும் வந்துச்சு. சரியா நாம சொன்ன நேரத்துக்கு."

அந்த வீடு சுனாமில போனதுன்னு நர்ஸ் அக்காதான் சொன்னாங்க. படி மட்டும்தான் மிச்சமாம். காலேஜ்ல மூணு வருஷம் கூடவே இருந்தான், ஒரு தடவைகூட சொன்னதில்ல. பிமல் ஸ்க்ரீன்லேர்ந்து கண்ணையே எடுக்கல... நானும்தான்.

ஆறுமுகத்துக்கு போன் போட்டு "சாரிடா"ன்னேன்.

"அதை விடு, டேபிள் சரியா வருதா பாரு முதல்ல."

இப்போ அந்தத் தீவுக்கே கேபிள் நெட் வந்தாச்சு. ஆறுமுகம் அனுப்பின அடுத்த நிமிஷமே என் போன்ல டிங்... பஸ்ல நின்னுக்கிட்டே அப்ரூவ் அமுக்கிடறேன்.

குறிப்பு இன்னும் எழுதறான். போன வாரம்தான் உறைச்சுது... நாலு மாசமா அதுல ஒண்ணைக்கூட நான் படிக்கல.