கை வைத்ததும் நகர்ந்த எண்

சில வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை தீபம் முடிந்து திருவண்ணாமலை கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த வாரம் அது. ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியின் சோதனைக்கூடத்தில் நான் வேலை பார்க்கிறேன். மாணவர்களில் பாதிப் பேர் இன்னும் வரவில்லை. இன்றைக்காவது டீயைச் சூடாகக் குடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது.

அதிலிருந்து ஒருவர் ஓர் இரும்புச் சட்டத்தை இறக்கினார். பிறகு தன் மகளைத் தூக்கி வந்து, என்னைக் கேட்காமலே என் நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் மனைவி உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

அவர் அடி அண்ணாமலையில் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். மகளுக்குப் பிறவியிலிருந்தே கால்களில் உணர்வு இல்லை. அவள் தனியாகக் காலேஜ் போய் வரக் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்றை அவரே செய்து கொடுத்திருக்கிறார். ஒருநாள் நடுரோட்டில் அது வெல்டிங் ஓரமாக விட்டுப்போய், பெண் விழுந்துவிட்டாள். காலில் ஆழமான காயம். வலி தெரியாததால், வீட்டுக்கு வந்து பாவாடையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது. இனிமேல் வண்டியும் வேண்டாம், காலேஜும் வேண்டாம் என்று அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"கனமான பைப்பு போட்டுப் புதுசா செஞ்சிருக்கேன் மேடம். இவ அம்மா நம்ப மாட்டேங்கிறா. உண்மையச் சொன்னா எனக்கே பயமாத்தான் இருக்குது," என்றார்.

வெல்டிங் வைத்த இடம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள இரும்பு விடாது. அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடும். மேலே எந்தப் பாரமும் இல்லாதபோதும் இரும்பு உள்ளுக்குள் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அதை அளக்க, நகத்தளவு இருக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜை அங்கே ஒட்டி, அதன் நடுவில் சின்னதாகத் துளை போடுவோம். துளையைச் சுற்றி இரும்பு எவ்வளவு தளர்கிறது என்பதை அது எண்ணாகக் காட்டும். ஆனால் துளை போட்ட சட்டம் வண்டிக்கு உதவாது என்று அவரிடம் சொன்னேன்.

அதைக் கேட்டதும் அவர் முகம் தொங்கிப்போனது. மகள்தான், "போடுங்க மேடம். அப்பா வேற செஞ்சி குடுக்கும்," என்றாள்.

பைப்பைத் தேய்த்துத் துடைத்து, கேஜை ஒட்டி, வயரை இணைத்தேன். காற்றுகூடப் படக்கூடாது என்று ஃபேனையும் நிறுத்தினேன். எல்லாம் செய்தும் மெஷின் திரையில் எண் பூஜ்யத்தில் நிற்கவில்லை. பசை சரியில்லையோ, வயர் சரியில்லையோ என்று எரிச்சலோடு குனிந்து பார்த்தால், அந்தப் பெண் கேஜுக்குப் பக்கத்திலேயே உள்ளங்கையை வைத்துக்கொண்டிருக்கிறாள்!

"கைய எடும்மா!" என்று கத்திவிட்டேன்.

எடுத்தாள். எண் மெதுவாகத் திரும்பி வந்தது. அவள் திரையைப் பார்த்தபடியே மறுபடி கையை வைத்தாள். எண் மறுபடி நகர்ந்தது.

"நான் தொட்டா இதுக்குத் தெரியுதா மேடம்?"

"உன் கைச் சூட்டுல இரும்பு துளியூண்டு விரியுது. அது தெரியும்."

அவள் கலகலவென்று சிரித்தாள். "என் காலுக்குத் தெரியாதது இதுக்குத் தெரியுது, பாரேன்பா!"

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அப்பா சட்டென்று திரும்பி, தேவையே இல்லாத ஒரு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். நான் வேலையை அப்படியே நிறுத்தி, அவளை விளையாட விட்டேன். அதுவரை வாசலிலேயே நின்ற அம்மா உள்ளே வந்தார். "நீயும் வைமா," என்று மகள் அவர் கையைப் பிடித்துப் பைப்பின்மேல் வைத்தாள். எண் நகர்ந்தது. அம்மா முதல் முறையாகச் சிரித்தார்.

பிறகு துளை போட்டேன். பயந்தது சரிதான். உள்ளே இழுப்பு ரொம்ப ஜாஸ்தி. பைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் வெல்டிங் வைத்திருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக, பக்கம் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன். அப்படியே மாதிரிக்கு ஓர் இணைப்பு செய்து கொண்டுவந்தார். அதை எங்கள் உலையில் சூடாக்கி, மெதுவாக ஆறவைத்து அளந்தபோது இழுப்பு நன்றாகவே குறைந்திருந்தது. வண்டியையும் அதே முறையில் செய்தார்.

வண்டி தயாரானதும் மூவரும் காட்ட வந்தார்கள். அம்மா என்னைத் தனியாக அழைத்துப்போய், "அனுப்பலாங்களா மேடம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என் மெஷினில் எண் இல்லை. "வெல்டிங் தாங்கும்ங்க. ரோட்டுக்கு நான் எப்படிச் சொல்றது?" என்றேன்.

அவர் கேட் பக்கம் பார்த்தார். மகள் அதற்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு பாதி தூரம் போயிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரோட்ட அவ பாத்துக்குவா," என்றார்.

இப்போது என் மகள் ஸ்கூட்டி சாவியைக் கேட்டுக் கை நீட்டும்போதெல்லாம் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த அம்மாவை நினைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.