நைனா தேடிய சிவப்புச் சொட்டு

எங்கள் ஆட்டோமேட்டிக் காரின் ரேடியேட்டர் ஓட்டையானதும் புதியதை வாங்கி வந்தவர் நைனா. அதே கார், ஆகவே அதே ரேடியேட்டர் என்பது அவர் கணக்கு. கியர் ஆயில் சூடாறுவதற்காக ரேடியேட்டருக்குள் போய்வர இரண்டு குழாய்கள் உண்டு. எங்கள் காரில் அவற்றின் முனை, தள்ளினால் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும் வகை. வந்த ரேடியேட்டரிலோ திருகும் மரை. ஜாதகம் பார்க்காமல் நிச்சயம் செய்துவிட்டார்.

தண்ணீர் மோட்டார் வைத்திருக்கும் தகுதியில் எதிர்வீட்டு அண்ணன் வந்தார். "குழாய அறுத்துட்டு ரப்பர் டியூப் சொருவி கிளாம்ப் போடுப்பா. எங்க போர்ல அப்டித்தான் ஓடிகினு இருக்குது."

"அது தண்ணிண்ணா. இது கொதிக்கிற ஆயில், பிரஷர்ல ஓடும்."

"அப்ப ரெண்டு கிளாம்ப் போடு."

நான் மெக்கானிக்கல் படித்தவன் என்பதால் வீட்டில் யாரும் என்னை நம்பவில்லை. மரையை அளந்து, ஒரு பக்கம் திருகி மறுபக்கம் க்ளிக் வாங்கும் அடாப்டர்களைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். வாஷர் போட்டு முறுக்கி, குழாயைத் தள்ளினேன். க்ளிக்.

"இன்னாடா உடைஞ்சுது?" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

அவள் கவலை அவளுக்கு. முட்டிவலியால் படியேற முடியாது. கிருத்திகைக்கு மலைக்கோயிலுக்குப் போக இந்தக் கார்தான் வழி. நைனாவோ தீர்ப்பை முன்பே எழுதிவிட்டார்: "மலைக்குப் போயி வரசொல்ல ஒரு சொட்டு ஒழுவினாலும் வண்டிய வித்துடுவேன்."

கிருத்திகையன்று கிளம்பினோம். வளைவுக்கு வளைவு நைனா மோந்து பார்த்தார். மேலே நிறுத்தியதும், அம்மா இறங்குவதற்குள் அவர் குந்தி உட்கார்ந்து காருக்கடியில் பார்த்தார். என் ரிசல்ட் வந்த அன்றுகூட அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

"டேய் இன்ஜினியரு! செவப்பா இருக்குது பாரு!"

கியர் ஆயிலும் சிவப்புதான். வெள்ளை வேட்டியோடு தரையில் படுத்து இணைப்புகளைத் தடவினேன். "காஞ்சி கெடக்குது நைனா."

"அப்ப இது இன்னா, உன் ரத்தமா?"

அதற்குள் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிவிட்டாள். பக்கத்திலேயே நசுங்கிய எலுமிச்சம்பழம், உடைத்த பூசணித் துண்டுகள். எங்களுக்கு முன் அங்கே யாரோ புது வண்டிக்குப் பூஜை போட்டிருக்கிறார்கள். அம்மா குனிந்து, அந்தச் சிவப்பைத் தொட்டு, நைனாவின் நெற்றியில் வைத்தாள்.

"ஆரத்தி தண்ணிங்க. கும்புட்டுக்கங்க."

சுற்றிலும் ஜனம். துடைக்கவும் முடியவில்லை. தரிசன வரிசை முழுக்க நைனா நெற்றியைத் தொட்டுத் தொட்டு விரலை மோந்துகொண்டே வந்தார். மஞ்சள் வாசனை அவரை மிகவும் வருத்தியது.

வீடு வந்ததும் மீண்டும் குந்திப் பார்த்தார். ஒன்றுமில்லை. "அடுத்த கிருத்திகைக்கு வெயிலுக்கு முன்னாடியே கெளம்பிடலாம்" என்றாள் அம்மா. வண்டியை விற்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

மறுநாள் காலை காருக்கடியில் வெள்ளைத்தாள் விரித்திருந்தது. நைனா அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை இழப்பவர் அல்ல.