யாருக்கும் ஒதுக்காத கதவு

நிபுணர் என்று அவருக்குப் பேர் வைத்தது லேப்பில் ரத்தம் எடுக்கிறவர்கள். கேலிக்கு வைத்த பேர். அந்த மனுஷர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். என்னத்தைச் சொல்ல!

லேப், மனைவியின் அண்ணனுடையது. தங்கை கண்ணைக் கசக்கினாள் என்பதற்காக மச்சான் கம்ப்யூட்டர் பொறுப்பைக் கொடுத்து, ஏசி அறையும் கொடுத்து உட்காரவைத்திருந்தார். நிபுணர் காலை நீட்டிக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுப்பார்.

"ஒரு கம்ப்யூட்டர்ல அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சம் கதவு. போர்ட்னு பேரு. மெயிலுக்கு ஒண்ணு, வெப்சைட்டுக்கு ஒண்ணுன்னு நம்பர் போட்டு ஒதுக்கியிருக்காங்க. மிச்சம் எக்கச்சக்கமா யாருக்குமே ஒதுக்காம அனாமத்தாக் கிடக்கு. அந்தப் பக்கம் யாரு வரப்போறா?"

வேறு யார், இவரேதான் வந்துபோனார். மழை பெய்தால் வேலைக்கு வர வலிக்கும். வீட்டிலிருந்தே லேப் சர்வருக்குள் நுழைய ஓர் அனாமத்து போர்ட்டைத் திறந்துவைத்திருந்தார். மறக்காமல் இருக்கத் தோதான நம்பராகப் பார்த்து எடுத்தார். பாஸ்வேர்டு? கதவு இருப்பதே எவனுக்கும் தெரியாது, அது எதற்கு என்று விட்டுவிட்டார். மாதாமாதம் சோதனை என்று ஒரு கூத்தும் உண்டு. ஒதுக்கிய போர்ட்டுகளை மட்டும் பார்ப்பார். மற்றதெல்லாம் ‘உபயோகத்தில் இல்லை’ என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். தட்டிப் பார்த்தால்தானே பதில் வருகிறதா என்று தெரியும்? அதற்கு உடம்பு வணங்க வேண்டுமே.

ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், யாரோ உள்ளே புகுந்து நோயாளிகளின் ரிசல்ட் அத்தனையையும் திறக்க முடியாமல் பூட்டிவைத்திருந்தார்கள். ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஓர் அம்மாள் ரிசல்ட் கேட்டு வாசலில் அழுதார். நிபுணருக்குக் கவலை வந்துவிட்டது. அந்த அம்மாளுக்காக இல்லை, தன் நாற்காலிக்காக. அது கைவிட்டுப் போய்விடாமல் இருக்க பழியை யார் தலையிலாவது கட்டியாக வேண்டும்.

"ரிப்போர்ட் அடிக்கிற பொண்ணு கண்ட மெயிலையும் திறப்பா மச்சான். அவ பண்ண வேலைதான் இது. இன்னைக்கே அனுப்பிடுங்க."

"நான் எதையும் திறக்கல சார்" என்றாள் அந்தப் பெண், குரல் உடைந்து. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அது நிபுணருக்கும் தெரியும்.

மச்சான் அவசரப்படவில்லை. வெளியிலிருந்து ஒரு சோதனைக்காரரை வரவழைத்தார். அவர் ஒதுக்கியது, ஒதுக்காதது என்று பார்க்காமல் ஒரு கதவு விடாமல் தட்டினார். மத்தியானத்துக்குள் நிமிர்ந்தார்.

"மெயில்ல வரல சார். யாருக்கும் ஒதுக்காத போர்ட்டு ஒண்ணு திறந்து கிடக்கு, தட்டினா பதில் வருது. வந்தவன் இது வழியாத்தான் வந்திருக்கான்."

"அப்போ அவதான் திறந்திருக்கணும்!" என்று துள்ளினார் நிபுணர். வெட்கம் என்பது மருந்துக்கும் கிடையாது.

"நம்பர் என்ன?" என்றார் மச்சான்.

"முப்பத்தோராயிரத்து நூத்திப்பத்து."

மச்சான் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு கோடு கிழித்தார்.

"முப்பத்தொண்ணு. ஒண்ணு. பத்து." நிமிர்ந்தார். "பாப்பா பொறந்த தேதி."

நிபுணரின் மகளுக்குத் தாய்மாமன் அவர். வருஷம் தவறாமல் அந்தத் தேதியில் பரிசோடு முதலில் வந்து நிற்பவர். நிபுணர் திருதிருவென்று விழித்தார்.

"ஏதோ தற்செயலா மச்சான்..."

"எம் மருமக பொறந்த நாள் அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும் மாப்ள?"

மச்சான் அந்தப் பெண்ணிடம் திரும்பி, "தப்பா நெனச்சுக்காத, நீ போய் வேலையப் பாரும்மா" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"ரூம் சாவிய வெச்சிட்டுக் கிளம்பு. இந்தத் தடவை தங்கச்சி அழுதாலும் கேக்க மாட்டேன்."

நிபுணர் சாவியை மேஜைமேல் வைத்தார். அப்போதும் பிறத்தியாரைப் பற்றி ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

"பாப்பா கேட்டா நான் என்ன மச்சான் சொல்றது?"

"அவ பொறந்த நாளத்தான திருடனுக்கு வாசலா வெச்ச? நீயே சொல்லிக்கோ."