ஜாய்ஸ்டிக்குக்கு வைத்த சந்தனம்

நேற்று ஆயுத பூஜை. அரிவாள்மணை, மிக்சி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். வீட்டுக்காரரின் வீடியோ கேம் ஜாய்ஸ்டிக் மட்டும் என்ன பாவம் செய்தது? அதற்கும் தாராளமாக அப்பினேன்.

இன்று காலையிலிருந்து அவருடைய ரேஸ் கார் தானாக இடது பக்கமே போய் முட்டுகிறது.

"சாப்ட்வேர் டிசைன் பண்ணவனுக்கு மூளையே இல்ல புள்ள! அப்டேட்னு போட்டு, நல்லா ஓடுனதைக் கெடுத்து வெச்சிருக்கான்."

அவர் பதறக் காரணம் உண்டு. துபாயில் இருக்கும் மகன் போனில் "சாப்பிட்டீங்களா" என்பதோடு சரி. வாரம் ஒரு சாயங்காலம் இருவரும் ஆன்லைனில் ரேஸ் ஓட்டும்போதுதான் வாய்விட்டுப் பேசுவார்கள். அந்தச் சாயங்காலம் இன்றைக்குத்தான்.

மழையோடு மழையாகக் காந்தல் பகுதியில் உள்ள ரிப்பேர் கடைக்கு ஓடினோம். கடைக்காரத் தம்பி கழற்றி, முகர்ந்தே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, குச்சிக்கு அடியில சந்தனம் காஞ்சு கெடக்குதுங்க."

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "அப்ப அப்டேட் போட்டது நீதானா?"

"சரஸ்வதிய வேண்டிக்கிட்டுத்தானுங்க வெச்சேன்!"

தம்பி சிரித்துக்கொண்டே பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் கொடுத்தார். கார் நேராக ஓடியது.

சாயங்காலம் அப்பனும் மகனும் ஊரே கேட்கச் சிரித்துப் பேசினார்கள். ரேஸில் மட்டும் இவர் கடைசி.

"சாப்ட்வேர் சரியில்ல புள்ள" என்றார் மறுபடியும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு, ஓட்டுபவர் நெற்றியில் அப்பலாமென்று இருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?