இருபது பெட்டி சோப்பு

எங்கள் கோடவுனில் எந்தச் சரக்கையும் இரண்டு விதமாக எண்ணுவோம். மொத்தக் கடைக்காரர்கள் பெட்டியாகக் கேட்பார்கள். பொட்டிக்கடைக்காரர்கள் பன்னிரண்டு சோப்பு, ஆறு பற்பசை என்று உதிரியாகக் கேட்பார்கள். சாஃப்ட்வேருக்குள் இருப்பதோ பீஸ் மட்டும்தான். ஒரு பெட்டிக்கு எத்தனை பீஸ் என்று ஒரு கட்டத்துக்குள் எழுதி வைத்தால், அந்த எண்ணால் வகுத்து இத்தனை பெட்டி இருப்பு என்று திரையில் காட்டும். அந்தக் கட்டத்தில் எண்ணை எழுதுவது என் வேலை.

கம்ப்யூட்டர் படித்துவிட்டு இரண்டு வருடம் சென்னைக்கு ரயிலில் போய் வந்தவள் நான். திருத்தணியில் ஏறி, மணவூர் வருவதற்குள் நின்றபடியே தூங்கப் பழகியிருந்தேன். கே.ஜி.கண்டிகை போகும் வழியில் வேலை, வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் என்றதும் வேறு எதையும் சரியாக விசாரிக்காமல் சேர்ந்தேன். ரயில் போனது, அசதி போகவில்லை.

பெட்டியைப் பிரித்து உதிரியாகக் கொடுக்கும் இடம் கோடவுனின் மூலையில், கம்பி வலை அடித்த ஒரு தடுப்பு. லூஸ் என்று அதற்குப் பெயர். அங்கே எட்டு வருடமாக ஒரு அக்கா இருந்தார். அதற்கு முன்பு பவர்லூம் ஷெட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவர். தனியாக இருக்கும்போது என்னைப் பாப்பா என்பார், கோடவுனைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ் சாருக்கு முன்னால் மேடம் என்பார். டிரைவர்கள் லூஸ் அக்கா என்று கிண்டல் செய்தால், "ஆங், லூசுதான். நீ கேக்கற நாலு சோப்புக்கு என்னைத் தவிர எவன் குனிவான்?" என்று கேட்டுவிட்டுக் கேட்ட நாலு சோப்பை எண்ணிக் கொடுப்பார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைப் பிரித்ததும் மேல்மூடியில் எண்ணிக்கை அச்சடித்திருக்கும் மடலைக் கிழித்துவிடுவார். அதை நாங்கள் காது என்போம். காது கிழிந்தது முழுப்பெட்டி இல்லை என்று எல்லாருக்கும் தெரியும், தவறியும் யாரும் அதை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். கிழித்த காதை மேசைக்குப் பக்கத்தில் தொங்கும் கம்பியில் குத்தி வைப்பார். சனிக்கிழமைகளில் பழைய பேப்பர்காரர் வந்து கம்பியைக் காலி செய்துகொண்டு போவார்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், துணி சோப்புக் கம்பெனியிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. இனி பெட்டிக்கு அறுபது இல்லை, ஐம்பது. பெட்டியின் நீல நிறம் மாறவில்லை, பார்கோடும் மாறவில்லை. இப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். புதிய அளவைத் தனி வரியாகத் திறக்க வேண்டும். பழைய பெட்டிகளை அறுபது என்றே பூட்டி வைக்க வேண்டும். அவற்றுக்கு வேறு ஸ்டிக்கர் அடித்து ஒட்ட வேண்டும். சரக்கு ஏற்றுகிற ஆட்களுக்கு எது எது என்று காட்ட வேண்டும். பழையது தீருகிறவரை இரண்டையும் தனித்தனியாக ஓட்ட வேண்டும்.

அப்போது மணி ஐந்தே முக்கால். காவடிக் கூட்டத்துக்காக ஆறு மணிக்கு மேல் பாதையைத் திருப்பிவிடுவார்கள், அப்புறம் என் பஸ் வராது. நான் அறுபதை அழித்துவிட்டு ஐம்பது என்று அடித்தேன்.

அன்று அலமாரியில் பழைய பெட்டிகள் நூறு இருந்தன. நூறு பெட்டி, ஆறாயிரம் சோப்பு. நான் எண்ணை மாற்றிய நொடியில் திரை அதே ஆறாயிரத்தை ஐம்பதால் வகுத்து நூற்றிருபது பெட்டி என்று காட்டியிருக்கும். இல்லாத இருபது பெட்டி அப்படித்தான் பிறந்தது. நான் பார்க்கவில்லை. பையில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து லூஸ் அக்கா என் மேசைக்கு வந்தார். சோப்புப் பெட்டியில் பத்து கூட வருகிறது, பிரித்த பெட்டிக்கு மிஷின் லூஸ் கணக்கில் ஐம்பதுதான் ஏற்றுகிறது, உள்ளே அறுபது இருக்கிறது என்றார். அந்த வாரம் கற்பூரமும் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் வந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. நான் திரையிலிருந்து தலையை எடுக்காமல், கூடத்தானே வருது, தனியா ஒரு பெட்டியில போட்டு மேசைக்குக் கீழ வைங்க, அப்புறம் பார்க்கலாம் என்றேன். நான்கு நாள் கழித்து மறுபடி வந்து அதையே சொன்னார். அந்தத் தடவை வாயைக்கூடத் திறக்காமல் கையால் சைகை காட்டினேன். அதே மாதிரி, கீழே.

கிருத்திகை முடிந்து அடுத்த வாரம், சனிக்கிழமை இருப்பு எண்ணினோம். பழைய பெட்டிகள் எல்லாம் அதற்குள் போய்விட்டிருந்தன, புதியவை மட்டும் அலமாரியில் நின்றன. துணி சோப்பு வரியில் திரை அறுபத்தைந்து பெட்டி என்றது. அலமாரியில் நாற்பத்தைந்து. மூன்று தடவை எண்ணியும் நாற்பத்தைந்துதான்.

ஆபீஸ் சார் சத்தம் போடுகிறவர் இல்லை. ஒவ்வொரு அலமாரியாகப் பார்த்துக்கொண்டே போனார். ஏற்றுகிற ஆட்கள் ஏழெட்டுப் பேர் அவருக்குப் பின்னால் போனார்கள். லூஸ் தடுப்பில் மேசைக்கு அடியில் தூசிக்காகப் போட்டிருந்த சாக்கை அவர் இழுத்தபோது, கீழே இரண்டு பெட்டி நிறைய சோப்பு இருந்தது. நூற்றிருபது.

அக்கா பதறவில்லை. "மேடம்தான் வைக்கச் சொன்னாங்க" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். ஆமா சார், கூட வந்ததைத் தனியா வைக்கச் சொன்னேன் என்றேன்.

"இருபது பெட்டி கொறையுதும்மா. இதுல கூட எங்கேர்ந்து வரும்?"

குறையும்போது எப்படிக் கூட வரும் என்று எனக்கே புரியவில்லை. நான் பேசாமல் நின்றது, அக்காவைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரும் கேட்காமலே தன் பையை எடுத்து மேசை மேல் கவிழ்த்தார். டிபன் டப்பா, சீப்பு, ஷேர் ஆட்டோவுக்கு வைத்திருந்த சில்லறை, ஒரு பட்டை தலைவலி மாத்திரை. பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல் ஒதுங்கி நின்றார். ஏற்றுகிற ஆட்களில் ஒருவர் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை வர வேண்டாம், சொல்லி அனுப்புகிறேன் என்றார் சார். அவர் அப்படிச் சொன்னவர்கள் இதற்கு முன்பு இரண்டு பேர். இரண்டு பேருக்கும் சொல்லி அனுப்பவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருபது என்ற எண் என்னை விடவில்லை. திருடுகிறவர்கள் பதினேழு எடுப்பார்கள், ஒன்பதும் சொச்சமும் எடுப்பார்கள். பிசிறில்லாமல் இருபது வருகிற இடத்தில் யாரோ பெருக்கியிருக்கிறார்கள் அல்லது வகுத்திருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்று யோசிக்கிற தெம்பு இல்லாமல் மத்தியானம் படுத்துத் தூங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை லூசையும் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். போய் உட்கார்ந்ததும் கம்பிதான் கண்ணில் பட்டது. கிருத்திகை நெரிசலில் பழைய பேப்பர்காரர் மூன்று வாரமாக வரவில்லை. கம்பி நிறையக் காதுகள். நீலக் காதுகளை மட்டும் உருவி மேசையில் பரப்பினேன். ஒன்பதில் ஐம்பது என்று அச்சடித்திருந்தது. பன்னிரண்டில் அறுபது.

பன்னிரண்டு பெட்டி, பெட்டிக்குப் பத்து. சாக்குக்குக் கீழே இருந்த நூற்றிருபது அதுதான். நூறில் மிச்சம் எண்பத்தெட்டுப் பெட்டி பிரிக்காமலே கடைகளுக்குப் போயிருந்தது. ஐம்பது என்று பில் போட்டு அறுபதை அனுப்பியிருக்கிறோம். எண்ணூற்றெண்பது சோப்பு. ஒன்று குறைந்தால் அரை மணியில் போன் செய்கிற கடைக்காரர்களில் ஒருவர்கூட பத்து கூட வந்தது என்று போன் செய்யவில்லை. இரண்டையும் கூட்டினால் ஆயிரம். ஆயிரத்தை ஐம்பதால் வகுத்தால் இருபது.

எண்ணை மாற்றியது யார் என்று சாஃப்ட்வேரில் தேடினேன். தேடத் தேவையே இல்லை. என் ஐடி, நேரம் ஐந்து நாற்பத்தாறு.

இருப்பைத் திருத்துகிற திரையில் காரணம் கேட்கும். சேதம், காலாவதி, திருட்டு, எண்ணிக்கைப் பிழை, மற்றவை. எண்ணிக்கைப் பிழை என்று தேர்ந்தெடுத்து இருபதைக் கழித்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லலாம். அக்காவையும் கூப்பிட்டுவிடுவார்கள். எனக்கு வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த மாதம்தான் வர வேண்டியிருந்தது. கர்சரை அந்த வரி வரைக்கும் கொண்டுபோனேன். நல்லவளாக இருக்க வேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. அந்தப் பன்னிரண்டு காதுகளையும் கையில் வைத்துக்கொண்டு இனி தினமும் இந்தக் கம்பி வலையைக் கடந்து போக வேண்டுமே என்றுதான் இருந்தது. எழுந்து சாரிடம் போனேன்.

சார் காதுகளைப் பார்த்தார், நான் அச்சடித்துக் கொண்டுபோன பக்கத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதில் உன் பெயர் வருகிறதே என்றார். ஆமா சார் என்றேன். தலைமை ஆபீசுக்கு எழுதத்தான் வேண்டும், உன் கடிதம் தள்ளிப்போகும் என்றார். கோபம் இல்லை. என்னைப் போலவே அவரும் களைத்திருந்தார் என்று நினைக்கிறேன். கடைசியில், "நீயே போயி கூட்டிகினு வா" என்றார்.

அக்காவின் வீடு கே.ஜி.கண்டிகை டீக்கடைகளுக்குப் பின்னால். வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் சும்மா இருந்தால் கை நிற்காது என்று பக்கத்து வீட்டில் வாங்கி வந்த பூவாம். என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அறுபது, ஐம்பது, நூறு, நூற்றிருபது. எண்களைச் சொல்லும்போது அவர் கையும் நிற்கவில்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லார் எதிர்லயும் சொன்னியா, சார் ஒருத்தர்கிட்ட மட்டும் சொன்னியா?"

"சார்கிட்டதான் அக்கா."

"என் பையை எல்லாரும்தான் பார்த்தாங்க."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ரெண்டு வாட்டி வந்து சொல்லிகினு நின்னேன் பாப்பா. நிமிந்து பார்த்தியா நீ?" என்றார். குரல் உயரவே இல்லை. காலையில் ஷட்டர் திறக்கும்போது வெளியே நிற்பேன், நீ சொல்லி முடித்த பிறகு உள்ளே வருகிறேன் என்றார். வந்த ஷேர் ஆட்டோ அங்கேயே ஆளுக்காகக் காத்திருந்தது. அதிலேயே திரும்பினேன்.

மறுநாள் காலை ஷட்டர் தூக்கியபோது ஏற்றுகிற ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். டிரைவர்கள் இரண்டு பேர் டீ கிளாசோடு நின்றார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா. நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், ஆனால் பார்க்கவில்லை. இருபது பெட்டி திருட்டுப் போகவில்லை, அறுபதை ஐம்பது என்று மாற்றியது நான், கூட வருகிறது என்று அக்கா இரண்டு தடவை என்னிடம் சொன்னார்கள், நான் கேட்கவில்லை, கீழே வைக்கச் சொன்னதும் நான்தான் என்றேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை என்று ஒரு டிரைவர் சொன்னார். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். அன்றைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டவர், "அக்கா, உள்ள வா, வெயில் ஏறுது" என்று கேட் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

அக்கா யாரையும் பார்க்காமல் தன் இடத்துக்குப் போனார். மேசையைத் துடைத்தார். நீலக் காதுகள் இல்லாத கம்பியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். முதல் ஆர்டருக்கு ஒரு சோப்புப் பெட்டியைப் பிரித்து, காதைக் கிழித்து, குத்தாமல் என் மேசைக்கே கொண்டுவந்து வைத்தார். பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க மேடம்."

அதில் ஐம்பது என்று இருந்தது. எழுந்து போய்ப் பெட்டிக்குள் எண்ணிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டேன்.

இப்போது தினமும் அப்படித்தான். ஒரு நாளைக்குப் பதினைந்து பெட்டியாவது பிரிப்பார். பதினைந்து தடவை எழுந்து போகிறேன், எண்ணுகிறேன், கையெழுத்துப் போடுகிறேன். நிரந்தரக் கடிதம் இன்னும் வரவில்லை. பழைய பேப்பர்காரர் சனிக்கிழமை வருகிறார், காதுகளை மட்டும் அக்கா கொடுப்பதில்லை. பாப்பா என்று அவர் இன்னும் கூப்பிடவில்லை.