பருப்பு வேகும் முன் மங்களம்

வரதன் சார் எங்களைப் பாராட்டி மெயில் அனுப்பிய அன்றே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அப்போது சேலையூரில், கேம்ப் ரோட்டில் ஒரு மாடியில் இயங்கிய கர்நாடக இசை இணைய ரேடியோவில் வேலை பார்த்தேன். ஒலிப்பதிவுகளை வரிசைப்படுத்தி ஓடவிடுவது, நேயர் போன்களை எடுப்பது, இரண்டும் என் பொறுப்பு. பொழிச்சலூர் வரதன் சார் எங்கள் நிரந்தர நேயர். பேங்க் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "தரம் குறைஞ்சுண்டே வரது" என்று வாரம் தவறாமல் எழுதுவார். எங்கள் மேனேஜர் சந்தானம் சார் அந்த மெயில்களைத் திறக்காமலே டெலீட் செய்வார்.

அந்த வாரம் வந்ததோ இப்படி: "பழைய பதிவுகளில் என்ன ஒரு புது விறுவிறுப்பு! வித்வானுக்குக் குரலில் இருபது வயது குறைந்துவிட்டது. இதுவல்லவோ தரம்!"

நான் திறந்து காட்டியதும் சந்தானம் சார் அதைப் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். இன்னும் நாலு பேர் அதே பாட்டைப் பாடினார்கள். "குரோம்பேட்டைல ஹால் புக் பண்ணுய்யா. நேயர் சந்திப்பு வைப்போம். ஸ்பான்சர் அப்பளக் கம்பெனிக்காரர் வரட்டும், நேர்லயே கேக்கட்டும்" என்றார். ஸ்பான்சர் போய்விட்டால் காலைக் கச்சேரியே நின்றுபோகும் நிலை.

மறுநாள் ஒரு போன்.

"சார், ரேடியோவா? நான் பிலோமினா, இங்க கேம்ப் ரோட்ல மெஸ்ஸுல சமைக்கிறேன். இன்னா சார் ஆச்சு உங்களுக்கு?"

"ஏன்க்கா, சவுண்டு சரியில்லையா?"

"சவுண்டு நல்லாத்தான் கீது. ஒம்போது மணிக்கு நீங்க பாட்டு போடசொல்ல நான் பருப்பு போடுவேன். மங்களம் பாடசொல்ல எறக்குவேன். ரெண்டு வாரமா மங்களம் வந்துடுது, பருப்பு வேகல. சாப்புட வர்றவங்க கல்லு மாதிரி கீதுன்றாங்க."

"கடிகாரத்தைப் பாத்து எறக்கலாமேக்கா?"

"கடிகாரத்தப் பாக்கறதுக்கு உங்க பாட்டு எதுக்கு சார்?"

பருப்பு பழசாக இருக்கலாம் என்றேன்.

"பருப்ப மாத்திப் பாத்துட்டேன். கடைக்காரர்கிட்ட சண்டையும் போட்டுட்டேன். அப்பறந்தான் உங்க மேல டவுட்டு வந்துச்சு."

சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். ஆனால் மறுநாள் காலை கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். ஒரு மணி நேரப் பதிவு, ஒன்பது ஐம்பத்தைந்துக்கே மங்களம் பாடிவிட்டது. மிச்ச ஐந்து நிமிடத்தைக் கம்ப்யூட்டர் தானாகவே அப்பள விளம்பரத்தால் நிரப்பியது. செட்டிங்குகளைத் திறந்து பார்த்தேன்.

இரண்டு வாரம் முன்புதான் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. சாம்பிள் ரேட் என்று ஒரு செட்டிங் உண்டு. பதிவு செய்த அளவில்தான் ஓடவிட வேண்டும். நான் தப்பான எண்ணைத் தட்டியிருந்தேன். எல்லாமே கொஞ்சம் வேகமாக ஓடியது. சுருதியும் கூடவே ஏறியது. ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரையைத் தாண்டிவிட்டார். அதுதான் வரதன் சார் கண்ட இளமை.

யாரிடமும் சொல்லாமல் சரிசெய்தேன். அடுத்த காலை கச்சேரி முடிவதற்குள் வரதன் சார் போன்.

"என்ன சார் இது, பழையபடி தூங்கி வழியறது? தரம் அதலபாதாளத்துக்குப் போயிடுத்து!"

இன்னும் மூன்று பேர் அதையே சொன்னார்கள். சந்தானம் சார் என்னைக் கூப்பிட்டார். "போன வாரம் என்ன பண்ணினியோ அதையே பண்ணுய்யா." வேறு வழியின்றி உண்மையைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "அந்த அஞ்சு நிமிஷ விளம்பரம் நமக்கு லாபம்தானே?" என்றார்.

"லாபம்தான் சார். ஆனா பாடினவங்க அப்படிப் பாடலையே."

"சந்திப்பு முடியட்டும்யா, பாக்கலாம்" என்றார். சனிக்கிழமை சந்திப்புக்கு பிலோமினா அக்காவையும் கூப்பிட்டேன்.

ஹாலில் வரதன் சார் மைக்கைப் பிடித்து, பொன்னான இரண்டு வாரங்களைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். அப்பளக்காரர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. மேடையேறி நடந்ததைச் சொன்னேன். இரண்டு விதமாகவும் பாட்டைப் போட்டுக் காட்டினேன். அடுத்தடுத்துக் கேட்டபோது வித்வான் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல் இருந்தது. முதலில் சிரித்தது அப்பளக்காரர். பிறகு ஹாலே சிரித்தது.

வரதன் சார் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும். நீங்க கண்டுபிடிக்கறேளான்னு பார்த்தேன்" என்று உட்கார்ந்தார்.

பின்வரிசையில் பிலோமினா அக்கா எழுந்தார். "அப்போ பருப்புக் கடைக்காரர்கிட்ட நானா சார் சாரி கேக்கணும்?"

"நானே வந்து கேக்கறேன்க்கா" என்றேன். திங்கட்கிழமை போய்க் கேட்டேன். அவர் எங்கள் ரேடியோவைக் கேட்டதே இல்லையாம்.

அப்பளக்காரர் விலகவில்லை. "இவ்வளவு கவனமா கேக்கறவங்க இருக்காங்களே" என்று இன்னொரு வருஷத்துக்குச் சம்மதித்தார். என் வேலையும் தப்பியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நேயர் யாராவது குறை சொன்னால், அவருக்கு எத்தனை ராகம் தெரியும் என்று யோசிக்காதீர்கள். கேட்கும்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று விசாரியுங்கள்.